டாங் தோடம்பழத் தூள்: வாங்கலாமா?
நோன்பு மாதம் வந்தால் காத்தான்குடிக் கடைகளில் முன்வரிசைக்கு வந்துவிடும் டாங், சுவையில் குறை சொல்ல ஏதுமில்லை, குளிர்ந்த தண்ணீரிலும் கட்டி தட்டாமல் கரையும், புளிப்பும் இனிப்பும் அளவாக இருக்கும். 1957இல் அமெரிக்காவின் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்தில் வில்லியம் மிட்செல் உருவாக்கியது இது. 1962இல் ஜோன் கிளெனின் விண்வெளிப் பயணத்தில் போன பிறகுதான் பெயர் பரவியது. ஆனால் பக்கெட்டின் பின்பக்கத்தைக் கட்டாயம் வாசியுங்கள், முதலில் எழுதியிருப்பது சீனி. விட்டமின் சி சேர்த்திருக்கிறார்கள், உண்மைதான், பழத்தில் உள்ள நார்ச்சத்து கிடையாது. பிள்ளைகளுக்குத் தினமும் கரைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. விருந்தாளி வந்தால் ஒரு கிளாஸ், சரி. விட்டமின் சிக்காகத்தான் என்றால் கொய்யாப்பழம் வாங்குங்கள், 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.