மரவள்ளிக்கிழங்கும் கடித உறையும்: ஒரு குடும்ப ஆவணத் தேடல் சேவை பற்றி

என் தாத்தா இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவில் உளவு வேலை பார்த்தாரா என்ற கேள்வியைக் கும்பகோணத்தில் இரண்டு பேர் நடத்தும் ஆவணத் தேடல் சேவையிடம் சென்ற ஆண்டு ஒப்படைத்தேன். கட்டணம் 8,500 ரூபாய், அதில் பாதி முன்பணம். மூன்று மாதம் என்று சொல்லி, ஐந்தாவது மாதத்தில் 42 பக்க அறிக்கை கொடுத்தார்கள். கையில் இருக்கும் வேலையே முடியவில்லை, பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர் இல்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனார், 1946இல் திரும்பினார். இடைப்பட்ட வருடங்களைப் பற்றி யார் கேட்டாலும் “கடையில கணக்கெழுதினேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் காலமான பிறகு வீட்டில் வேறொரு கதை வளர்ந்தது. நேதாஜியின் ஒற்றர் படையில் இருந்தார், நீர்மூழ்கிக் கப்பலில் வந்து இரவில் கரையிறங்கினார் என்று கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லியே அது உறுதிப்பட்டுவிட்டது. சான்று கேட்பவர்களுக்கு, ஓரத்தில் அச்சிட்ட சீட்டும் எண்ணும் ஒட்டிய 1940ஆம் ஆண்டுக் கடித உறை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவோம்.

இந்தச் சேவையின் சிறப்பு முதல் நாளே தெரிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எண்பதை நெருங்கும் என் அத்தையிடம் “உளவாளியா?” என்று கேட்கவே இல்லை. எந்த மாதம் திரும்பினார், கப்பல் எங்கே வந்து நின்றது, என்ன சாப்பிடுவார், எதைத் தொடமாட்டார் என்று இரண்டரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “அப்பா மரவள்ளிக்கெழங்க தொடவே மாட்டாங்க, வீட்டுக்குள்ளயே வரக்கூடாது” என்று அத்தை சொன்னதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிடைக்காமல் மலேயா மக்கள் ஆண்டுக்கணக்கில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தவர்கள் என்பதால், நீர்மூழ்கிக் கப்பல் கதைப்படி 1942இலேயே இந்தியக் கரையில் இறங்கிய ஒருவருக்கு இந்த வெறுப்பு வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் படித்தபோதுதான் ஏன் எழுதிக்கொண்டார்கள் என்று புரிந்தது.

நீர்மூழ்கிக் கப்பல் கதையை அவர்கள் நேராகவே எடுத்துக்கொண்டார்கள். பினாங்கில் என். ராகவன் பொறுப்பில் இருந்த, ஒற்றர்களைப் பழக்கிய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்திலிருந்து 1942 செப்டம்பரில் நீர்மூழ்கிக் கப்பலில் அனுப்பப்பட்ட இளைஞர்களில் ஒரு குழு மலபார் கரையில் தானூரில் இறங்கி விரைவிலேயே பிடிபட்டது. எதிரி ஒற்றர் அவசரச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்து, வக்கம் அப்துல் காதர், அனந்தன், சத்தியேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கின் பெயர்களில் தாத்தா இல்லை. அப்படி வந்து இறங்கியிருந்தால், 1946இல் மறுபடி ஒருமுறை பினாங்கிலிருந்து எப்படித் திரும்பினார் என்ற கேள்வியை எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடமாக ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

கடித உறைக்கு வந்த தீர்ப்பு இன்னும் கசப்பானது. போர் தொடங்கிய 1939இலிருந்து வெளிநாட்டுத் தபாலைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்துச் சீட்டு ஒட்டி அனுப்பினார்கள். அரிசி வியாபாரி எழுதினாலும் அதே சீட்டுதான். நாற்பது வருடம் ரகசிய முத்திரை என்று நாங்கள் காட்டியது தபால் தணிக்கையின் அன்றாடக் காகிதம்.

இதையெல்லாம் வீட்டிலிருந்தே தேடிவிட முடியாதா என்று சிலர் கேட்கலாம், ஓரளவு முடியும். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம், அதாவது ஐ.என்.ஏ. தொடர்பான 990 கோப்புகளைப் பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்தது. அந்தக் காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்தில் யாரும் பதிவுசெய்து தேடலாம். சிக்கல் பெயரில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும், தகப்பனார் பெயர் விட்டுப்போயிருக்கும், ஊருக்குப் பதில் தஞ்சாவூர் என்று மட்டும் இருக்கும். அன்றைய தஞ்சாவூர் ஜில்லா என்பது, 1991இல் நாகையும் 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் மாவட்டங்களாகப் பிரிந்துபோன பரப்பு முழுவதும். தாத்தாவின் பெயரோடு பொருந்தும் ஒரு பெயரை ஒரு பட்டியலில் கண்டுபிடித்தவர்கள், தகப்பனார் பெயரும் ஊரும் இல்லாததால் அதைச் சான்றாகக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். பணம் வாங்கியவர்கள் வாடிக்கையாளர் கேட்க விரும்புவதைச் சொல்லிவிடுவதுதான் எளிது. ஐ.என்.ஏ.வினரை அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரிட்டிஷார் தரம் பிரித்தது பெரும்பாலும் பழைய இந்திய ராணுவச் சிப்பாய்களுக்காக என்பதால், மலேயாவிலேயே சேர்ந்த ஒரு கணக்குப்பிள்ளையின் பெயர் அங்கே இல்லாததும் எதையும் நிரூபிக்காது என்று மறுபக்கத்தையும் எழுதியிருந்தார்கள்.

குறைகளும் உண்டு. நேதாஜியின் வரலாற்றுக்கு ஒன்பது பக்கம் எதற்கு? அது பள்ளிப் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அறிக்கை ஆங்கிலத்தில், தமிழ்ச் சுருக்கம் மூன்றே பக்கம். தகவல் கொடுத்த அத்தைக்கு நான்தான் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மாதத் தாமதத்தை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். இவற்றைவிட எனக்கு உறுத்தியது தியாகி பென்ஷன் விஷயம். 1972இல் மத்திய அரசு அந்தத் திட்டத்தைத் தொடங்கியபோது ஊரின் நிலக்கணக்கைப் பார்த்த கர்ணம் வீடு தேடி வந்து மனு எழுதித் தருவதாகச் சொல்லியும் தாத்தா வேண்டாமென்று அனுப்பிவிட்டார். சிறையில் இருந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள், அது இல்லாததால் மறுத்திருக்கலாம் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். கணக்கு மட்டும் எழுதியவரிடம் கர்ணம் எதற்காக வந்தார் என்பதை அவர்கள் அத்தையிடம் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

சுவரில் மாட்டப் பட்டமோ விழாவில் படிக்கப் பெருமையோ தேடுகிறவர்கள் இவர்களிடம் போனால் பணம் வீண். காகிதமும் கதையும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், வீட்டில் பெரியவர்கள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே போக வேண்டும்.

அடுத்த கட்டமாக, ஜப்பானியர் காலத்தைப் பற்றிச் சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம் பதிவுசெய்து வைத்திருக்கும் வாய்மொழி நேர்காணல்களைக் கேட்டுப் பார்ப்பதற்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். இதற்கு மேல் வேண்டாம் என்றுதான் இருந்தேன். “கணக்கெழுதினவங்களப் பத்தியும் யாராச்சும் பேசியிருப்பாங்களாடா?” என்று அத்தை கேட்டார். முன்பணம் அனுப்பியிருக்கிறேன்.