ஐஎஸ்யூ மதிப்பெண் தாள்: எப்படி வாசிப்பது, எங்கே சறுக்குகிறது

உலக ஃபிகர் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் யார் ஜெயித்தார் என்பதை எந்தச் செய்தியும் சொல்லிவிடும். எப்படி ஜெயித்தார் என்று தெரிய வேண்டுமானால் சர்வதேச ஸ்கேட்டிங் யூனியன் வெளியிடும் மதிப்பெண் தாள்தான் வழி. முடிவுகள் பக்கத்தில் பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது, காசு கிடையாது.

2024 மாண்ட்ரியல் ஆண்கள் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றான ஷார்ட் புரோகிராமில் 77.49 வாங்கி 19ஆம் இடத்தில் கிடந்த பிரான்ஸின் ஆடம் சியாவ் ஹிம் ஃபா, இரண்டாம் சுற்றான ஃப்ரீ ஸ்கேட்டில் 206.90 எடுத்து, மொத்தம் 284.39உடன் வெண்கலத்துக்கு ஏறினார். ஷார்ட்டில் முதலிடம் பிடித்த ஷோமா உனோ நான்காவதாக இறங்கினார். ஆடம் அன்று பேக்ஃப்ளிப் (பின்பக்கக் குட்டிக்கரணம்) வேறு அடித்தார். அப்போது அதற்குத் தடை, 2 புள்ளி கழிவு. அடுத்த சீசனிலேயே தடையை எடுத்துவிட்டார்கள் என்பது தனிக்கதை. இந்தக் கழிவெல்லாம் தாளின் அடிவரியில் பதிவாகும்.

தாளில் ஒரு வரிக்கு ஒரு எலிமென்ட், அதாவது ஒரு ஜம்ப், ஒரு ஸ்பின் போல மதிப்பிடப்படும் ஓர் அங்கம். முதலில் அடிப்படை மதிப்பு, பிறகு ஜிஓஇ (எவ்வளவு நன்றாகச் செய்தார் என்பதற்குக் கூட்டும் அல்லது கழிக்கும் புள்ளி), அடுத்து ஒன்பது நடுவர்கள் −5 முதல் +5 வரை போட்ட மார்க், கடைசியில் அந்த எலிமென்ட்டின் புள்ளி. ஒன்பதில் மிக உயர்ந்ததையும் மிகக் குறைந்ததையும் தள்ளி, மிச்சம் ஏழுக்குச் சராசரி. ஜிஓஇயின் ஒவ்வொரு படியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம்.

தங்கம் வென்ற இலியா மாலினினின் அடையாளமான நான்கு சுற்று ஆக்ஸெலை (முன்பக்கம் பார்த்தபடி எழும்பும் ஜம்ப்) பாருங்கள். மதிப்பு 12.50. சராசரி +3 என்றால் 3.75 கூடி 16.25. அதே ஜம்ப்பில் சுற்று குறைந்து ‘<’ குறி விழுந்தால் மதிப்பு 80 சதவீதமாகி 10.00 ஆகும். கூடவே விழுந்து எல்லாரும் −5 போட்டால் 5.00 போகும், விழுந்ததற்கு இன்னொரு 1 புள்ளி கழிவு. கையில் நிற்பது 4.00. சுத்தமாகப் போட்ட மூன்று சுற்று ஆக்ஸெலுக்கு அடிப்படையே 8.00. ரிஸ்க் எடுப்பதன் விலை இவ்வளவு பச்சையாக வேறெங்கும் தெரியாது.

கணக்குப் போடுபவர்கள் தடுக்கி விழும் இடம் எக்ஸ் குறி. பிற்பாதியில் ஆடும் ஜம்ப்புக்கு 10 சதவீத போனஸ் என்று பொருள். ஷார்ட்டில் கடைசி ஒன்றுக்கும் ஃப்ரீயில் கடைசி மூன்றுக்கும் மட்டுமே உண்டு. ஜிஓஇயைப் போனஸ் சேராத மதிப்பில்தான் பெருக்க வேண்டும். ‘<<’ இருந்தால் சுற்று இன்னும் அதிகமாகக் குறைந்திருக்கிறது, ஒரு சுற்று குறைந்த ஜம்ப்பின் மதிப்புதான் கிடைக்கும். க்யூ குறி (சரியாகக் கால் சுற்று குறைந்தது) அடிப்படையைத் தொடாது, ஜிஓஇயைத்தான் கடிக்கும். டிவி மூலையில் ஓடும் எண் தற்காலிகமானது. ரிவ்யூ முடிந்து மாறும். தாளையே நம்புங்கள்.

2016இல் நடுவர் ரகசியத்தை ஒழித்தது பெரிய முன்னேற்றம். எந்த நாட்டு நடுவர் யாருக்கு என்ன போட்டார் என்று பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

குறை என்றால், தாள் ‘எவ்வளவு’ என்று சொல்லும், ‘ஏன்’ என்று சொல்லாது. 2025 பாஸ்டன் ஜோடிப் பிரிவில் மியூரா–கிஹாரா 219.79, ஹாஸே–வோலோடின் 219.08. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே 0.71. புள்ளி எந்த வரியில் நழுவியது என்று கண்டுபிடிக்கலாம். ஒரே லிஃப்ட்டுக்கு ஒரு நடுவர் 2, இன்னொருவர் 4 போட்டால் அதற்கான காரணம் எங்கும் இருக்காது. ஆட்டம் முழுவதற்கும் தனியாகப் போடும் காம்போசிஷன் (அமைப்பு), பிரசன்டேஷன் (வெளிப்பாடு), ஸ்கேட்டிங் ஸ்கில்ஸ் (ஸ்கேட்டிங் திறன்) மூன்றும் வெறும் எண்கள்தான். ஐஸ் டான்ஸ் தாள் இன்னும் மோசம்: ஸ்டெப்புகளுக்குப் பெண்ணுக்கும் ஆணுக்கும் தனித்தனி லெவல் (கடினநிலை), சுருக்கெழுத்து மயம். ஃபோனில் திறந்தால் கண்தான் வலிக்கும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் தனிநபர் ஷார்ட் புரோகிராம் தாளை எடுங்கள். ஏழே எலிமென்ட்: மூன்று ஜம்ப், மூன்று ஸ்பின், ஒரு ஸ்டெப் வரிசை. வீடியோவை ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி, உங்கள் ஜிஓஇயை எழுதிவிட்டு அப்புறம் தாளைத் திறங்கள்.