பூ உலர்த்த சிலிக்கா ஜெல் வாங்குறவங்க கவனத்துக்கு: 2,400 ரூபாய் போச்சு

கைவினைப் பொருள் விக்கிற ஒரு இன்ஸ்டா பக்கம், பேர் வேண்டாம். 5 கிலோ ஜெல், அதாவது ஈரத்தை உறிஞ்சுற மணி, 2,400 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே ஜிபே.

நம்பினது அவங்க வீடியோவைப் பார்த்துதான். ரவை மாதிரி சரசரன்னு சரியுற ஜெல், நடுநடுவே நீல மணி. பூவுக்கு வேண்டியதும் அதேதான். ரவை சைஸ்ல இருந்தாத்தான் இதழ் இடுக்குல இறங்கும். நீலம் இருந்தா ஈரம் ஏறினதும் ரோஸ் கலராகிக் காட்டிக்கொடுக்கும்.

வந்தது ஜவ்வரிசி சைஸ் வெள்ளை மணி. கேட்டா, "வெள்ளைதான் மேடம் பிரீமியம்!"

கல்யாண மாலையில பிரிச்ச 22 ரோஜா, நாளைக்குன்னு வைக்க முடியாது. காத்துப் புகாத டப்பாவுல 2 செ.மீ. ஜெல் பரப்பி, பூவை நிமிர்த்தி வெச்சு, தலை மூழ்க மெதுவா கொட்டியாச்சு. நல்ல ஜெல்னா 5, 7 நாள்ல இதழ் காகிதமா சலசலக்கும். ஆறாம் நாள் திறந்தா புளிச்ச வாடை. இதழ் முழுக்க அம்மைத் தழும்பா குழி, காம்படியில சாம்பல் பூஞ்சை.

அந்த ஜெல்லுல 500 கிராம் எடுத்து 120 டிகிரி செல்சியஸ் அவன்ல 3 மணி நேரம் வெச்சு நிறுத்தா, 370 கிராம்! மீதி 130 கிராம் வெறும் தண்ணி. பூவோட ஈரம் இல்லை, பிரிக்காத பாக்கெட்டுல இருந்து எடுத்தது. அப்போ 2,400-ல 600க்கு மேல தண்ணிக்கே கொடுத்திருக்கு.

தராசு போட்டோ போனதும் "மழைக்காலம்ல மேடம்"னாங்க. அப்புறம் "மொட்டைமாடியில காய வைங்க". எந்த வெயில் 120 டிகிரி அடிக்குது? கடைசியா, "பிரிச்ச பாக்கெட்டுக்கு ரிட்டர்ன் இல்லை". பிரிக்காம ஈரம் எப்படித் தெரியும்னு கேட்டதுக்கு ஒரு கும்பிடு எமோஜி. இப்போ பிளாக்.

வாங்கியே ஆகணும்னா, ஸ்கேல் பக்கத்துல ஜெல்லை வெச்சு போட்டோ கேளுங்க. பார்சல் பிரிக்கிறதை வீடியோ எடுங்க. பூ வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் ஜெல்லைக் கொஞ்சம் தண்ணியில போடுங்க: காஞ்சதுன்னா கடுகு பொரியுற மாதிரி படபடன்னு சத்தம் வரும், தண்ணி வெதுவெதுப்பாகும். இங்க வந்தது கம்முனு முங்குச்சு. நீல மணியில கோபால்ட் குளோரைடுங்கிற நச்சு இருக்கு, சமையல் அவன்ல ஏத்தாதீங்க, கோபால்ட் இல்லாத ஆரஞ்சு மணி கேளுங்க, அதுவும் ஈரம் ஏறினா நிறம் மாறும். கொட்டும்போது மாஸ்க்.

அந்த 2,400 இன்னும் வரலை.