திசையா, இடமா, பாரமா: அடங்காத கியரோடு நான்கு வருடம்

2021-இல் வாங்கிய அலுமினிய மவுண்டன் பைக். முன்னால் ஷாக், முன்பக்கம் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஒன்பது (கீழே 'பல்' என்பது இந்தப் பின்சக்கரப் பற்கள்தான்; முதல் கியர் பெரியது, ஒன்பதாவது சின்னது). வேலூர் பாகாயத்திலிருந்து ஓட்டேரி வழியாகப் பாலமதி மலை ஏறி இறங்குவது வாரம் ஒருமுறை. மாதத்தில் ஒரு ஞாயிறு கணியம்பாடி வழியாக அமிர்தி காடு வரைக்கும். எப்போதாவது ஏலகிரி. நான்கு வருடத்தில் பத்தாயிரம் கிலோமீட்டரைத் தொடப் போகிறது. வண்டியின் சட்டத்தைப் பற்றியோ பிரேக்கைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் இதில் ஒன்றரை வருடம் கியர் என்னை அழ வைத்தது. அதைத்தான் விரிவாக எழுத நினைத்தேன், ஏனென்றால் அதே அவஸ்தையில் இருக்கும் பலரை வேலூர்ச் சாலைகளில் பார்க்கிறேன். டக் டக் என்று செயின் தட்டும் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடுகிறது.

2022 கடைசியில் ஆரம்பித்தது. ஏறும்போது மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால் செயின் ஏறாமல் பல்லின் விளிம்பை உரசிக்கொண்டே இருக்கும். இன்னொரு கிளிக் கொடுத்தால் ஒரேயடியாக முதல் கியரில் போய் விழும். கேபிளின் இழுவையைக் கூட்டிக் குறைக்கும் பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று திருப்பினால் அது சரியாகும், ஆனால் சமதரையில் எட்டாவதும் ஒன்பதாவதும் கலாட்டா செய்யும். அதைச் சரிசெய்தால் மலையில் மறுபடி பழைய கதை. பாலமதி ஏற்றத்தில் பாதி வழியில் காலை ஊன்றி நின்று திருகியிருக்கிறேன்.

நான்கு கடைக்குப் போனேன். எல்லாரும் ஸ்டாண்டில் ஏற்றி, பெடலைச் சுற்றி, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லிமிட் ஸ்க்ரூவைத் திருப்பினார்கள். நானும் வீட்டில் அதையேதான் செய்தேன். இதை ஒரு முறை அழுத்திச் சொல்லிவிடுகிறேன்: அந்த இரண்டு ஸ்க்ரூவும் இரண்டு கோடிக்கு மட்டும் காவல். செயின் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்கில் விழாமலும், சின்னப் பல்லைத் தாண்டிச் சட்டத்தில் மாட்டாமலும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. நடுவில் இருக்கும் ஏழு கியரில் அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. இரண்டாவது கியர் தகராறுக்கு அதைத் திருப்பினால் சரியாக இருந்த ஒன்றையும் சேர்த்துக் கெடுத்ததாகத்தான் ஆகும்.

ஒரு கடையில் செயினும் கேசட்டும் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) மாற்றச் சொன்னார்கள். 2,700 ரூபாய் ஆயிற்று. முதல் நாள் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. இரண்டாவது வாரம் அதே சத்தம்.

விடை கிடைத்தது சத்துவாச்சாரிப் பக்கம், சாதாரண சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு பெரியவரிடம். காற்றடிக்கத்தான் நின்றேன். நான் குனிந்து ஸ்க்ரூவைத் திருப்புவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த இன்னாத்துக்கு தம்பி திருப்பிக்கினே கீற? பின்னால வந்து நின்னு பாரு. அந்த ரெண்டு குட்டி சக்கரமும் பல்லுக்கு நேரா கீதா?"

பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். செயினைப் பல்லுக்குப் பல் நகர்த்தும் டிரெய்லியரின் கீழ்ச் சக்கரம் ஸ்போக்குப் பக்கம் சாய்ந்திருந்தது. "உள்ள சாஞ்சாப்புல இருக்குதுணா" என்றேன்.

"வண்டிய எங்கியோ வலப் பக்கமா படுக்கப் போட்டுகீற."

அப்போதுதான் நினைவு வந்தது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, ஜோலார்பேட்டையிலிருந்து ஐந்து சைக்கிளையும் ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பிய நாள். என் வண்டிதான் அடியில், வலப்பக்கம் தரையில் படுகிற மாதிரி, அதற்கு மேல் இன்னொரு வண்டி. தகராறு அதற்கு அடுத்த வாரம் ஆரம்பித்தது. இரண்டையும் நான் முடிச்சுப் போடவே இல்லை.

டிரெய்லியரைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன அலுமினியத் துண்டுக்கு ஹேங்கர் என்று பெயர். அதை மிருதுவாகச் செய்வது தெரிந்தேதான்: அடிபட்டால் அது வளைய வேண்டும், சட்டம் தப்பிக்க வேண்டும். வளைந்தால் டிரெய்லியர் பல்சக்கரங்களுக்கு இணையாக நிற்காது. பெரிய பல்லுக்கு நேராக அமைத்தால் சின்னப் பல்லில் கோணும், சின்னதில் நேராக்கினால் பெரியதில் கோணும். ஒன்றரை வருடம் நான் இங்கும் அங்குமாக ஆடியது இதனால்தான்.

நேராக்கத் தனிக் கருவி உண்டு, என்னிடம் இல்லை. ஆனால் ஹேங்கரின் மரையும், குவிக் ரிலீஸ் (லீவரைத் திறந்து கழற்றும்) வகைப் பின்சக்கர அச்சின் மரையும் ஒரே அளவு, 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் டிரெய்லியரை 5 மில்லிமீட்டர் எல்-கீயால் கழற்றிவிட்டு, நண்பனின் கியர் சைக்கிள் பின்சக்கரத்தை அந்த ஓட்டையில் திருகினேன். இப்போது இரண்டு ரிம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நான்கு இடத்தில் ஸ்கேலை வைத்து இடைவெளியை அளந்தேன். மேலுக்கும் கீழுக்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம்! 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தொந்தரவில்லை. திருகிய சக்கரத்தையே பிடியாகப் பிடித்து மெல்ல மெல்ல இழுத்து 3-க்குக் கொண்டு வந்தேன். அளப்பதற்கு முன் உங்கள் சொந்தப் பின்சக்கரம் கோணல் இல்லாமல், சட்டத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண ரோட்ஸ்டர் சைக்கிளின் பின் அச்சை மட்டும் இதில் திருகிப் பார்க்க வேண்டாம். அதன் மரை பெரும்பாலும் வேறு, ஹேங்கர் பாழாகும்.

அன்று சாயங்காலம் பாலமதி போனேன். இரண்டாவது கியர் ஒரே கிளிக்கில் விழுந்தது. கண் கலங்கியது என்றே சொல்லலாம்.

ஆனால் முழுதாகத் தீரவில்லை. இறங்கும்போது, பெரிய பல்லிலிருந்து சின்னதற்குப் போகையில், செயின் அரை நொடி யோசித்துத்தான் போனது. அப்போது ஒன்றைக் கவனித்தேன். நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு வந்தால் சத்தம், ஆறாவதிலிருந்து அதே ஐந்தாவதுக்கு வந்தால் சத்தமே இல்லை. ஹேங்கர் கோணலாக இருந்தபோது தகராறு இடத்தைப் பொறுத்து மாறியது. இப்போது வந்த திசையைப் பொறுத்து மாறுகிறது. கேபிளை இழுப்பது என் கட்டைவிரல், திரும்ப விடுவது டிரெய்லியரின் ஸ்பிரிங் மட்டும். விரலின் பலம் உராய்வை வென்றுவிடும், ஸ்பிரிங்கால் முடியாது. ஆகவே கேபிள் வழியில் எங்கோ பிடிக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. பெரிய பல்லில் போட்டு நிறுத்துங்கள். பெடலைச் சுற்றாமல் ஷிஃப்டரை ஒன்பது வரைக்கும் விட்டுவிடுங்கள். கேபிள் தொளதொளவென்று ஆகும். சட்டத்தில் அவுட்டர் (கேபிளை மூடியிருக்கும் குழாய்) உட்காரும் காடிகளிலிருந்து ஒவ்வொரு துண்டையும் வெளியே எடுத்து, கேபிளின் மேல் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். எனக்கு முதல் துண்டு வெண்ணெய். டிரெய்லியருக்குப் போகும் கடைசி வளைவுத் துண்டு நகர மறுத்தது.

அதை வெட்டிப் பார்த்தபோது இரண்டு விஷயம். உள்ளே அரைத்த மாவு மாதிரி மண். பாலாற்று மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதெல்லாம் அங்கே சேர்ந்திருந்தது. அதைவிட மோசம், அது கியர் அவுட்டரே இல்லை. ஏதோ ஒரு கடையில் பிரேக் அவுட்டரைப் போட்டிருக்கிறார்கள். பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாக ஓடும், அழுத்தினால் கொஞ்சம் சுருங்கும். கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், நீளம் மாறாது. முனையை வெட்டிப் பார்த்தாலே தெரியும்; பொதுவாகப் பிரேக்குக்கு 5 மில்லிமீட்டர், கியருக்கு 4. (மாற்றிப் போடுவது இன்னும் ஆபத்து. கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் பலமாகப் பிடிக்கும்போது பிளந்துவிடலாம்.)

இந்தச் சின்ன விஷயம் இவ்வளவு படுத்துமா என்று கேட்பவர்களுக்கு: ஷிமானோ ஒன்பது ஸ்பீடு அமைப்பில் ஒரு கிளிக்குக்கு இழுபடும் கேபிள் சுமார் 2.5 மில்லிமீட்டர். டிரெய்லியர் அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கி நகர்கிறது. பல்லுக்குப் பல் இடைவெளி சுமார் 4.35. கேபிளில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தவறினால் செயின் கிட்டத்தட்ட பாதி வழியில் நிற்பதற்குச் சமம். பேரல் அட்ஜஸ்டரால் அந்த ஒரு மில்லிமீட்டரைக் கொடுக்கலாம்தான், ஆனால் போகும்போது ஒரு அளவும் வரும்போது ஒரு அளவும் கேட்டால் அது என்ன செய்யும்?

புதுக் கேபிள், சரியான அவுட்டர், இரண்டு முனைக்கும் தொப்பி, எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள். வெட்டிய முனையை அரத்தால் சமமாகத் தேய்த்து, உள் குழாய் நசுங்கியிருந்தால் ஊசியால் திறந்துவிட்ட பிறகுதான் தொப்பி போட வேண்டும். கடைகளில் இதைச் செய்வதே இல்லை, எனக்கு வருத்தம்தான்.

மூன்றாவது வகைத் தகராறும் உண்டு. ஸ்டாண்டில் எல்லாக் கியரும் சுத்தமாக விழும், ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் மட்டும் செயின் தாவும். பாரம் ஏறும்போது மட்டும் வருவது தேய்மானம். அதற்கு ஸ்கேல் போதும். புதுச் செயினில் 12 அங்குலத்துக்குச் சரியாக 12 கண்ணி ஜோடி. அது 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள், கேசட் பிழைக்கும். 1/8 கூடும்வரை விட்டால் கேசட்டும் சேர்ந்து போகும். எனக்கு அந்த 2,700 ரூபாய் செலவு வைத்த கடையில் யாரும் ஸ்கேலை எடுக்கவில்லை. பழைய செயினைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன், பிறகு அளந்தேன். 1/16 கூட வரவில்லை.

ஒன்றரை வருடமாக நிம்மதி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைசி அவுட்டரை வெளியே எடுத்து கேபிளைத் துடைக்கிறேன், வெயில் காலத்தில் மாதம் ஒருமுறை. செயினுக்கு மெல்லிய எண்ணெய், அதுவும் போட்டுத் துடைத்த பிறகுதான் ஓட்டம். இந்த ஊர் மண்ணுக்குக் கெட்டி எண்ணெய் ஆகாது. ஹேங்கரை ஒருமுறை வளைத்து நிமிர்த்தியாயிற்று, அலுமினியம் திரும்பத் திரும்பத் தாங்காது. அதனால் ஓட்டைகளின் வடிவம் பொருந்துகிற இன்னொன்றைத் தேடி வாங்கி சீட் பையில் போட்டிருக்கிறேன். சட்டத்துக்குச் சட்டம் வடிவம் வேறு, அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. புதியதாக இருந்தாலும் மாட்டிய பிறகு அளக்கத்தான் வேண்டும்.

போன மாதம் மறுபடி ஏலகிரி போய் வந்தோம். திரும்பும்போது குட்டி யானையில் என் வண்டியை நிற்க வைத்து, டிரெய்லியர் பக்கம் எதுவும் படாமல் கயிற்றால் கட்டினேன். மற்ற நான்கு பேரும் அதே மாதிரி கட்டினார்கள். காட்பாடியில் இறக்கியதும் ஐந்து பேரும் அவரவர் வண்டிக்குப் பின்னால் போய் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தோம்.