எக்ஸ்பெரிமெண்டல் கிளைடருக்குச் சான்றிதழ்: எஃப்ஏஏ அலுவலகமா, டார் சேவையா?

அமெரிக்காவில் டைப் சர்டிபிகேட் (வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல்) இல்லாத இறக்குமதி கிளைடரையோ (இன்ஜின் இல்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) வீட்டில் கட்டியதையோ 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற சோதனைப் பிரிவில் பறக்கவிட இரண்டு வழிகள். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவின் வட்டார அலுவலகம் கட்டணம் வாங்காது, ஆனால் ஆள் ஒதுக்கும்வரை காத்திருக்க வேண்டும். எஃப்ஏஏ அதிகாரம் பெற்ற தனி ஆய்வாளரான 'டார்' காசு வாங்குவார், பேசிவைத்த நாளில் வருவார். இருவரும் தருவது ஒன்றேதான்: 8130-7 என்ற இளஞ்சிவப்புச் சான்றிதழ், அதோடு சேர்ந்த ஆபரேட்டிங் லிமிட்டேஷன்ஸ் (எப்படிப் பறக்கலாம் என்ற கட்டுப்பாடுகள்) தாள். சேவையின் தரம் அந்தத் தாளில்தான் தெரியும்.

ஆய்வு நாளில் அற்ப விஷயங்களில் வேலை நின்றுபோகும். காக்பிட் அருகே 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற எழுத்து 2 முதல் 6 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். பதிவு எண்ணுக்கு கிளைடரில் 3 அங்குலம் போதும். 8130-6 விண்ணப்பத்தோடு பதிவுச் சான்று, எடை–சமநிலைக் கணக்கு, படங்கள் தயாராக இருக்கட்டும். எக்ஸிபிஷன் (காட்சிப் பறப்பு) அல்லது ரேசிங் (போட்டி) பிரிவென்றால், எதற்காகப் பறக்கப் போகிறோம் என்று சொல்லும் புரோகிராம் லெட்டரும் வேண்டும். அதில் ஒரே ஒரு போட்டியை மட்டும் எழுதுவது வீண் சிக்கனம். பயிற்சிப் பறப்பு, மற்ற போட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.

கிளைடர் பழக்கமில்லாத ஆய்வாளர் இன்ஜின் விமானத்துக்கான மாதிரி வாசகத்தையே தாளில் ஒட்டிவிடலாம். வீட்டில் கட்டிய இன்ஜின் விமானத்துக்குச் சோதனைக் கட்டம் (முதலில் குறிப்பிட்ட பரப்புக்குள் மட்டும் பறந்து சோதிக்கும் காலம்) வழக்கமாக 25 அல்லது 40 மணி நேரம். கிளைடருக்கு 10 மணி நேரமும் ஐந்து இறக்கங்களும். நாற்பது என்று விழுந்துவிட்டால் ஒரு சீசனே போய்விடும். சோதனைப் பரப்பையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள்: கிளைடரை மேலே இழுத்துச் செல்லும் இழுவை விமானம் போகும் தடமும் அவசரத்துக்கு இறங்கும் வயல்களும் உள்ளே வருகின்றனவா? ஏரோபாட்டிக்ஸ் (சாகசப் பறப்பு) வேண்டுமென்றால் சோதனைக் கட்டத்திலேயே செய்துகாட்டி லாக்புக்கில் பதிய வேண்டும்.

எக்ஸ்பெரிமெண்டல் விமானங்களுக்கான எஃப்ஏஏவின் 91.319 விதியின் அடிப்படைத் தடைகளை யார் எழுதினாலும் மாற்ற முடியாது: கூலிக்கு ஆளோ சரக்கோ ஏற்றக்கூடாது, உடன் வருபவரிடம் இது எக்ஸ்பெரிமெண்டல் என்று சொல்லிவிட வேண்டும்.

ஆண்டுச் சோதனை வாசகத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 12 காலண்டர் மாதத்துக்கு ஒருமுறை கண்டிஷன் இன்ஸ்பெக்ஷன் (விமானத்தின் நிலையைப் பார்க்கும் ஆய்வு) கட்டாயம். இதற்கு ஏ அண்ட் பி (உடற்பகுதி, இன்ஜின் இரண்டுக்கும் உரிமம் பெற்ற) மெக்கானிக் போதும், ஐஏ என்ற கூடுதல் ஆய்வு அதிகாரம் தேவையில்லை. மெக்கானிக் சாதாரண விமானங்களுக்கு எழுதும் பழக்கதோஷத்தில் 'ஆனுவல், ஏர்வொர்த்தி' என்று எழுதிவிடுவார். தாளில் உள்ளபடி 'பாதுகாப்பாக இயக்கும் நிலையில் உள்ளது' என்ற பொருளுடைய வாசகமே லாக்புக்கில் வர வேண்டும்.

ஏற்கெனவே சான்றிதழ் உள்ள பழைய கிளைடர் வாங்குவோருக்கு இந்தச் சேவை உடனே தேவைப்படாது. தாள் காக்பிட்டில் இல்லையென்றால் எஃப்ஏஏவின் ஓக்லஹோமா சிட்டி ஆவணக் காப்பகத்தில் நகல் கேட்கலாம்.

முதன்முறை இறக்குமதி செய்பவருக்கு, கிளைடர்களுக்கு ஏற்கெனவே சான்றிதழ் தந்த டார் காசுக்குத் தகும். அந்த அனுபவம் இல்லாதவர் என்றால் இலவச அலுவலகமே மேல். யாரானாலும் தாளின் வரைவை ஆய்வுக்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். கையெழுத்தான பிறகு திருத்த மறுபடி விண்ணப்பம்தான்.