12 பேர், 200 நிமிடம்: நாகர்கோவில் கல்லூரிப் பெண்கள் பாஸ்கெட்பால் முகாம் எப்படி?

மே மாதம் நாகர்கோவிலில் நடக்கும் இந்த முகாமில் ஷூட்டிங்கும் டிரிப்ளிங்கும் பாதிதான். மீதி நேரம் முழுக்க, அணிக்கு யாரை எடுப்பது, எடுத்த பிள்ளைகளை எத்தனை நிமிடம் ஆடவைப்பது என்பதற்கே போகிறது. பி.டி. மேடங்கள் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடாமல் கூடவே உட்கார வேண்டிய பகுதி இதுதான்.

செலக்‌ஷன் நன்றாக இருக்கிறது. யார் எத்தனை கூடை போட்டார் என்று மட்டும் பார்க்காமல், எதிரணி நெருக்கித் தடுக்கும்போது (பிரஸ்) பந்தை யார் பத்திரமாக மேலே கொண்டுவருகிறார், ஷாட் தவறியதும் யார் எதிராளியை உடம்பால் மறித்துப் பந்துக்கு இடம் பிடிக்கிறார் (பாக்ஸ் அவுட்), பந்து பறிபோன மறுநொடி யார் திரும்பி ஓடுகிறார் என்று முகாம் நடத்துபவர்கள் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். 12 இடங்களுக்கு அவர்கள் தரும் கணக்கு: 3 பாயின்ட் கார்டு (பந்தை முன்னே கொண்டுபோபவர்), 5 விங் (பக்கவாட்டில் ஆடுபவர்), 4 போஸ்ட் (கூடைக்கு அருகே ஆடுபவர்). கார்டு மூன்று பேர் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். 8 விநாடிக்குள் பந்து பாதிக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். ஒரே கார்டை நம்பினால், கடைசிப் பத்து நிமிடமான நான்காவது குவார்ட்டரில் களைத்துப்போய் அவள் போடும் பாஸ் பாதி வழியில் எதிரணிக்குப் போய்விடும். கபடியோ ஹேண்ட்பாலோ ஆடிய பிள்ளை இருந்தால் டிஃபென்ஸுக்காகவே விங்கில் ஒரு இடம் கொடுக்கச் சொல்கிறார்கள். நல்ல யோசனை, ஷூட்டிங்கை ஒரு வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

ஆனால் மே மாதத்திலேயே 12 பேரையும் முடிவு செய்யவைப்பது தவறு. முதலாண்டு அட்மிஷன் அப்போது முடிந்திருக்காது. இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை வைத்தே பட்டியலை நிரப்பிவிட்டால், இளங்கலை மூன்றே வருடம் என்பதால் அடுத்த ஜூனில் பாதி அணி வெளியேறிவிடும். அமெரிக்கக் கல்லூரிக் கோச்சுக்கு 15 பேர் கொண்ட ரோஸ்டர் இருக்கிறது. ஆள் குறைந்தால், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்டலில் தேர்ந்த ஆட்டக்காரியைத் தேடிக்கொள்ளலாம். நமக்கு அந்த வழி கிடையாது. எட்டு பேரை மட்டும் உறுதி செய்துவிட்டு, நான்கு இடங்களை முதலாண்டு ட்ரையல்ஸ் முடியும் வரை காலியாக வைத்திருங்கள்.

பிளேயிங் டைம் வகுப்புக்காகவே இந்த முகாமுக்கு வரலாம். 40 நிமிட ஆட்டத்தில் ஐந்து பேருக்கு மொத்தம் 200 நிமிடம். அவர்கள் தரும் தாளில் ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் ஃபைவுக்கு ஆளுக்கு 28, ஆறாவது, ஏழாவது ஆளுக்கு 18, எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கு 12. கூட்டினால் சரியாக 200. மற்ற மூன்று பேருக்கு நெருக்கமான ஆட்டத்தில் இடமில்லை என்பதை மேட்ச்சுக்கு முன்பே முகம் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டால்தான் பெஞ்சில் மனக்கசப்பு வளரும்.

பெஞ்சை, அதாவது மாற்று ஆட்டக்காரர்களை, நம்பலாமா என்று தயங்குபவர்களுக்கு 2024 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதிப்போட்டியை உதாரணம் காட்டுகிறார்கள். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் குவார்ட்டரிலேயே 18 பாயின்ட், மொத்தம் 30. இருந்தும் 87-75 என்று சவுத் கரோலினா ஜெயித்தது. அன்றைக்குச் சவுத் கரோலினா பெஞ்ச் எடுத்தது 37 பாயின்ட், அயோவா பெஞ்ச் பூஜ்யம். காலையில் ஒரு மேட்ச், சாயங்காலம் ஒரு மேட்ச் என்று வைக்கும் நம் இன்டர் காலேஜ் போட்டிகளில் இது இன்னும் பொருந்தும். ஆறே பேரை வைத்துக் காலை மேட்ச்சை ஜெயித்த அணிக்குச் சாயங்காலம் கால் எழும்பாது.

தாளில் இல்லாத ஒரு நுணுக்கத்தைக் களத்தில் காட்டுகிறார்கள். சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிப்படி, கூடை விழுந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்; கடைசி குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும் இறுதி 2 நிமிடத்தில்தான் நிற்கும். விசில் அடித்துக் கடிகாரம் நின்றால்தான் சப் (மாற்று ஆட்டக்காரி) உள்ளே போக முடியும். அதையும் கோச் கேட்க முடியாது. உள்ளே போகும் பிள்ளையே ஸ்கோரர் மேசைக்குப் போய்க் கேட்க வேண்டும். ஐந்தாவது நிமிடத்தில் மாற்ற நினைத்து ஐந்தாவது நிமிடத்தில் அனுப்பினால், விசில் வராமல் அவள் மேசையருகே ஒன்றரை நிமிடம் உட்கார்ந்திருப்பாள். ஒரு நிமிடம் முன்பே அனுப்பிவிடுங்கள். கார்டுக்கு ஓய்வு தர நல்ல நேரம் குவார்ட்டரின் கடைசி 2 நிமிடம். இடைவேளை 2 நிமிடமும் சேர்ந்து அவளுக்கு 4 நிமிட ஓய்வு கிடைக்கும், ஆட்டத்தில் போவது 2 நிமிடம்தான். முதல் குவார்ட்டரிலேயே 2 ஃபவுல் வாங்கிய சென்டரை (கூடைக்கு அருகே ஆடும் போஸ்ட்) உடனே உட்காரவைக்கவும் சொல்கிறார்கள், ஐந்தாவது ஃபவுலோடு வெளியே என்பதால்.

குறைகள் உண்டு. பந்துகளில் பாதி 7-ஆம் எண். அது 580 முதல் 620 கிராம் வரை இருக்கும் ஆண்கள் பந்து. பெண்கள் ஆடும் 6-ஆம் எண் பந்து 510 முதல் 550 கிராம்தான். கனமான பந்தில் பழகிய கைக்கு மேட்ச்சில் ஷாட் நீளமாகப் போகும். சிமென்ட் தரையில் காலை, மாலை இரண்டு வேளையும் ஓடவைப்பதால் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியோடு திரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை ஒரு வேளையைத் தாள், பலகை வேலைக்கு மாற்றலாம். மதியம் மீன்குழம்போடு வயிறு நிறையச் சோறு போட்டுவிட்டு மூன்று மணிக்கு ஸ்பிரின்ட் வைப்பதும் சரியில்லை. கஞ்சியும் பயறும் போதும், இடையில் இரண்டு மட்டிப்பழம்.

மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் என்றால், மாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கடைசி ஆட்டம் இழுத்தால் பஸ் தவறிவிடும். பணம் கட்டும்போதே 6-ஆம் எண் பந்து வேண்டும் என்று சொல்லுங்கள். ஒன்றிரண்டு உங்கள் கல்லூரியிலிருந்தே கொண்டுபோனால் இன்னும் நல்லது.