எக்ஸ்ரே எடுக்காமல் பல்லைப் பிடுங்க விடாதீர்கள்

தெரிந்த பெரியவர் ஒருவருக்கு நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை. கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கவில்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்கவில்லை. ஊசி போட்டு, மல்லுக்கட்டி, ஒரு வழியாகப் பல்லை எடுத்தார்கள். பஞ்சைக் கடிக்கச் சொல்லி, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் வலி காதுவரை ஏறியது. போன் செய்தால், "பல் புடுங்கினா வலிக்கத்தான் செய்யும், மாத்திரையை முடிங்க" என்று பதில். கடைசியில் வேறு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது வேர்த்துண்டு ஒன்று உள்ளேயே கிடக்கிறது. குழியும் காலியாக, எலும்பு தெரிய இருந்தது.

வேர் முறிவதைக் குற்றம் சொல்ல முடியாது. வளைந்த வேர், வேர் சிகிச்சை செய்த பல் என்றால் நல்ல கைக்கும் முறியும். நரம்புக்குப் பக்கத்தில், தொற்று இல்லாமல், மூன்று நான்கு மில்லிமீட்டர் நுனி மட்டும் நின்றால் தோண்டாமல் விடுவதும் உண்டு. ஆனால் அதை நோயாளியிடம் சொல்லி, எழுதி வைத்து, எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும். சொல்லாமல் அனுப்பியது அநியாயம்.

எடுத்த பல்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு பெரும்பாலும் இரண்டு வேர், மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று. முழுதாக வந்த வேரின் நுனி கூம்பி, மழமழவென்று உருண்டிருக்கும். முறிந்திருந்தால் நுனி வெட்டுப்பட்டது போலத் தட்டையாக, விளிம்பு கூராக, நடுவில் நரம்பு ஓடிய சின்னத் துளையோடு இருக்கும். அப்படித் தெரிந்தால் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

அந்தக் காலிக் குழிக்குப் பெயர் டிரை சாக்கெட். குழியில் உறைந்த ரத்தக்கட்டிதான் எலும்பை மூடிக் காக்கிறது. அது கரைந்தோ கழன்றோ போனால் இந்த நிலை. சாதாரண வலி நாளாக ஆகக் குறையும். இது முதல் நாள் தேவலை போல இருந்துவிட்டு, இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் நடுவில் ஏறும். காது, நெற்றிப்பொட்டு வரை இழுக்கும், வாய் நாறும். இதற்கு ஆன்டிபயாடிக் கேட்காது. குழியைச் சலைனால் கழுவி மருந்துப் பஞ்சு வைக்க வேண்டும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் வலி தணிந்துவிடும். சில நிமிட வேலைக்கு ஒருவரை நாள்கணக்கில் துடிக்க விட்டது மன்னிக்க முடியாதது. புகைப்பவர்களுக்கும் கீழ் ஞானப்பல் எடுத்தவர்களுக்கும் இது அதிகம் வரும். குழியில் வெள்ளையாகப் படிவதை எல்லாம் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், ஆறும் புண் அப்படித்தான் இருக்கும்.

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டியவை: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் (இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது, வார்ஃபரின் என்றால் முதலில் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை), எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் மாத்திரை, சோலெட்ரோனிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி, தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, சர்க்கரை. எலும்பு மருந்தை மறைத்தால் தாடை எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு.

வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது இது. பஞ்சை 30 முதல் 45 நிமிடம் விடாமல் அழுத்திக் கடிக்க வேண்டும், எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. மறுபடி கசிந்தால் ஈரப் பஞ்சு வைத்து இன்னொரு அரை மணி. முதல் 24 மணி நேரம் கொப்பளிப்பது, காறித் துப்புவது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, சூடாகக் குடிப்பது எதுவும் வேண்டாம். மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சாப்பிட்ட பிறகு மெல்ல வாயில் வைத்து, தலையைச் சாய்த்துத் தண்ணீரை வழிய விடுங்கள். மரத்த உதடு தெளியும்வரை மெல்லாதீர்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும், பயப்பட வேண்டாம். மேல் கடைவாய்ப் பல் எடுத்தபின் குடித்த தண்ணீர் மூக்கு வழியே வந்தால், மூக்கை ஒட்டிய காற்றறையான சைனஸில் துளை விழுந்திருக்கிறது. மூக்கைச் சிந்தாமல் உடனே போய்க் காட்டுங்கள்.

நாக்குக்கு அடியில் வீக்கம், விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு. மறுநாளும் உதடோ தாடையோ மரத்தே இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லிப் பதிய வையுங்கள்.

பில்லில் 'சர்ஜிக்கல்' என்று போட்டிருந்தால், ஈறைக் கிழித்தீர்களா, எலும்பைக் குடைந்தீர்களா, பல்லைத் துண்டாக வெட்டி எடுத்தீர்களா என்று கேளுங்கள். இதில் எதுவும் இல்லையென்றால் அது சாதாரணப் பல் எடுப்புதான். எக்ஸ்ரே நகல், பல்லின் எண், போட்ட மருந்து மூன்றையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டர் முதலில் கேட்பதும் அதைத்தான், புகார் கொடுக்கப் போனால் அங்கே கேட்பதும் அதைத்தான்.